வகுப்புக் கடிதத்தில் வராத செய்தி

கெஜட் என்று அவளுக்குப் பெயர் வைத்தது நான்தான். மருந்தியல் கல்லூரியில் முதல் வருடம். யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் அக்காவுக்குக் கல்யாணம், எந்தப் பேராசிரியர் நாளைக்கு லீவு, எல்லாம் அரசாங்க கெஜட்டில் அச்சானது மாதிரி, காலையில் முதல் மணி அடிப்பதற்குள் அவளுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் வம்பு பேசமாட்டாள். தெரிந்ததைத் தெரிந்த அளவுக்கு மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுவாள். எனக்கு இருபது வயதிலேயே தலை நரைக்கத் தொடங்கியதால் பெருசு என்று பெயர் வைத்து அவள் கணக்கைத் தீர்த்துக்கொண்டாள். இப்போது எங்கள் வகுப்பில் எல்லோருமே பெருசுகள்தான். பெயர் மட்டும் என்னிடமே தங்கிவிட்டது.

கடைசி வருடம் கேண்டீனில் நடந்ததைச் சொல்லாமல் அவளைப் பற்றிச் சொல்ல முடியாது. எங்கள் வாலிபால் அணிக்குத் தலைவனாக இருந்தவனைக் கேப்டன் என்றே அழைப்போம். அவன் எங்கள் வகுப்புப் பெண் ஒருத்தியைக் காதலித்துக்கொண்டிருந்தான். சின்ன உருவம், வேகமான பேச்சு, அதனால் அவள் சிட்டு. ஒரு மதியம் இரண்டாம் வருடத்துக்காரன் ஒருவன் சிட்டுவைப் பார்த்து விசிலடித்தான். கேப்டன் எழுந்தான். தான் உட்கார்ந்திருந்த இரும்பு ஸ்டூலைத் தூக்கி அவன் முகத்தில் அடித்தான். ஒன்று போதாதென்று மூன்று. தாடை உடைந்த சத்தம் கேண்டீன் முழுக்கக் கேட்டது.

நாங்கள் என்ன செய்தோம்? கேப்டனைத் தோளில் தூக்கிக்கொண்டு விடுதிவரை கூச்சல் போட்டபடி போனோம். நானும் ஒரு தோள் கொடுத்தேன். வாசலில் திரும்பிப் பார்த்தபோது கெஜட் தரையில் முட்டி போட்டு, மேசைக்கடியில் கையை விட்டு, அந்தப் பையனின் பற்களைத் தேடி எடுத்து ஈரக் கைக்குட்டையில் போட்டுக்கொண்டிருந்தாள். நாலு பல். அவனை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனதும் அவள்தான். அவன் அதோடு படிப்பை விட்டுவிட்டான்.

மறுவருடம் கேப்டனுக்கும் சிட்டுவுக்கும் கல்யாணம் நடந்தது. வகுப்பில் ஒரே ஜோடி. முப்பத்து நாலு பேரில் முப்பத்தொரு பேர் வந்திருந்தோம். இப்படியே பிரிந்து போனால் யார் இருக்கிறார்கள், யார் செத்தார்கள் என்றுகூடத் தெரியாமல் போய்விடும் என்று யாரோ புலம்பினார்கள். “எல்லாரும் எனக்கு எழுதுங்க, நான் எல்லாருக்கும் எழுதறேன்” என்றாள் கெஜட். அப்படித்தான் வகுப்புக் கடிதம் பிறந்தது. வருடத்துக்கு இரண்டு. முதலில் கார்பன் தாள் வைத்து, ஒரே அழுத்தில் நாலு பிரதி. பிறகு ஜெராக்ஸ். பிற்காலத்தில் கைப்பேசிக் குழுவில். யாருக்கு எங்கே வேலை, யாருக்கு என்ன குழந்தை, யாருக்கு எந்த வால்வு மாற்றினார்கள் எல்லாம் அதில் வரும். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை எல்லோரும் கூடுவோம். அதற்கும் அவள்தான் ஊர் ஊராகப் போன் போடுவாள்.

அவள் வேலை பார்த்தது ஒரு பெரிய பொது ஆஸ்பத்திரியில், வெளிநோயாளிகளுக்கு மருந்து கொடுக்கிற ஜன்னலில். முப்பத்தாறு வருடம் அந்த ஒரே ஜன்னல். கண்ணாடியில் கை நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை, அதற்குக் கீழே வழுவழுத்துப் போன பலகை. கணவர் பஸ் பணிமனையில் மெக்கானிக், பரம சாது. இஞ்சினைத் தவிர யாரிடமும் குரலை உயர்த்தாதவர். அவளுக்கு ஐம்பது வயதானபோது மாரடைப்பில் போய்விட்டார். ஒரே மகள் வெளிநாட்டில்.

அந்த ஜன்னலில் ஒரு முறை, ஊசிமருந்து இருப்பு இல்லை என்று அவள் சொன்ன உடனே எதிரே நின்ற ஆள் முஷ்டியால் கண்ணாடியைக் குத்தினான். உடைந்த துண்டு அவள் முன்கையில் இறங்கி மறுபக்கம் எட்டிப் பார்த்தது. பலகையில் இருந்த சீட்டுகள் எல்லாம் சிவப்பு. காவலாளி அவனைக் கீழே தள்ளி மிதிக்கத் தொடங்க, கெஜட் உள்ளிருந்து கத்தினாள்: “அவரை விடுங்கய்யா! அவர் சம்சாரத்துக்கு உள்ள மூச்சுத் திணறுது. வேற வார்டுல அந்த ஊசி இருக்கான்னு ஓடிப்போய்க் கேளுங்க!” ஊசி கிடைத்த பிறகுதான் தன் கையைத் தையலுக்கு நீட்டினாள். பதினொரு தையல்.

அதே ஜன்னலில்தான் இன்னொன்றையும் கற்றுக்கொண்டாள். வீக்கத்துக்குக் களிம்பு வாங்க வரும் பெண்கள் பாதிப் பேர் படியில் விழுந்ததாகச் சொல்வார்கள். படியில் விழுந்தவர்களுக்கு எங்கெங்கே அடிபடும் என்று அவளுக்கு அத்துப்படி.

இருபதாவது வருடச் சந்திப்புக்குச் சிட்டு கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாள். கூட்டத்தில் வழக்கம்போலச் சிரித்தாள். கேப்டன் அப்போது ஒரு மருந்து கம்பெனியில் பெரிய விற்பனை அதிகாரி. எல்லோருக்கும் பேனா கொடுத்து, தோளில் தட்டிப் பேசிக்கொண்டிருந்தான். கெஜட் சிட்டுவைக் கை கழுவும் இடத்துக்கு இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள்.

“கண்ணாடியைக் கழட்டு.”

“கண்ணு வலிடி. ஒட்டிக்கும்.”

“கழட்டுடி.”

இடது கண் மூடிக் கிடந்தது. அதைச் சுற்றிலும் கத்தரிக்காய் நிறம்.

“படியில விழுந்துட்டேன்” என்றாள் சிட்டு.

“படியில விழுந்தா மூக்கு உடையும், முட்டி தேயும், உள்ளங்கை கிழியும். கண்ணுக்குழிக்குள்ள எந்தப் படியும் வந்து இடிக்காது.”

சிட்டு கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டாள். “லெட்டர்ல எழுதிடாத. உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன். பையன் பத்தாவது படிக்கிறான்.”

கெஜட் சும்மா இருக்கவில்லை. இப்படிப்பட்ட பெண்களுக்கு உதவும் ஒரு அலுவலகத்தின் முகவரியை எழுதிச் சிட்டுவுக்கு அனுப்பினாள். அந்தக் கவர் கேப்டன் கையில் சிக்கியது. ஆஸ்பத்திரிக்கே போன் செய்தான். “என் வீட்டு விஷயத்துல மூக்கை நுழைச்சா உன் ஜன்னலுக்கு வேற ஆளைப் பாக்க வேண்டியிருக்கும்.” அடுத்த சந்திப்புக்குச் சிட்டு வரவில்லை. அந்தக் கவருக்காக அவளுடைய இரண்டு விரல்களைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினான் என்பது எங்களுக்கு ரொம்பக் காலம் கழித்துத்தான் தெரியும். முப்பதாவது வருடம் சிட்டு மறுபடி வந்தபோது கெஜட் எதுவும் கேட்கவில்லை. வாயைத் திறந்தால் அவளை உயிரோடு பார்க்கக் கிடைக்கும் அந்த ஒரு நாளும் போய்விடும் என்று பயந்தாள். ‘கேப்டனும் சிட்டுவும் நலம்’ என்று எழுதினாள். திரும்பத் திரும்ப அதையே எழுதினாள்.

எனக்குத் தெரியாதா என்றால், தெரியும். எங்கள் எல்லோருக்கும் அரைகுறையாகத் தெரியும். ‘கேப்டனுக்குக் கொஞ்சம் கோபம் ஜாஸ்தி’ என்று சொல்லிக்கொள்வோம். அவ்வளவுதான்.

நாற்பத்தைந்தாவது வருடச் சந்திப்பு ஒரு ஏரிக்கரை விடுதியில் நடந்தது. பத்தொன்பது பேர் வந்திருந்தோம். மதியச் சாப்பாடு முடிந்து, பழைய கதை பேசிக்கொண்டிருந்தபோது கேப்டன் கடைசி வருட இறுதிப் போட்டியை வர்ணித்தான். தான் அடித்த கடைசிப் பந்தில்தான் ஜெயித்தோம் என்றான். சிட்டு சிரித்துக்கொண்டே, “எங்க ஜெயிச்சோம்? தோத்துட்டு வந்து நீங்க ரூமுக்குள்ள அழுதீங்களே” என்றாள். கூடமே குலுங்கிச் சிரித்தது. கேப்டனும் சிரித்தான். கொஞ்ச நேரம் கழித்து, “மாத்திரை போடணும், வா” என்று அவளை மாடியறைக்குக் கூட்டிப் போனான்.

குழுப் படம் எடுக்க எல்லோரும் வரிசையில் நின்றபோது அவர்கள் இரண்டு பேரைக் காணோம். கெஜட் மாடிக்குப் போனாள். எனக்கு மூட்டு வலி, பின்னாலேயே மெதுவாக ஏறினேன். கம்பவுண்டர் என்று நாங்கள் அழைக்கும் நண்பன் எனக்குப் பின்னால். பாதிப் படியில் இருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. ஒரே மாதிரி, இடைவெளி விட்டு விட்டு, பீங்கானில் எதையோ மோதுகிற சத்தம்.

கதவு தாழிடவில்லை. குளியலறை வாசலில் கேப்டன் நின்றிருந்தான். சிட்டுவின் நரைத்த முடியைக் கையில் சுற்றிப் பிடித்து, அவள் நெற்றியைக் கைகழுவும் தொட்டியின் விளிம்பில் மோதிக்கொண்டிருந்தான். அவன் கத்தவில்லை, திட்டவில்லை. வேலை செய்கிற ஆள் மாதிரி மோதினான். சிட்டுவும் கத்தவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை தாங்க முடியாதது. கத்தக்கூடாது என்று பழகியிருந்தாள்.

கெஜட் அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். அவன் திரும்பாமலே முழங்கையை வீசினான். அது அவள் வாயில் பட்டது. விழும்போது வலது கையை ஊன்றினாள். மணிக்கட்டு முறிந்தது. நான் வாசலில் நின்றேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் நின்றேன் என்பதுதான் உண்மை. கால் வரவில்லை. கெஜட் தரையிலிருந்து என்னைப் பார்த்தாள், பிறகு என்னை விட்டுவிட்டு மேசையைப் பார்த்தாள். அதில் ஒரு பித்தளைக் கூஜா நிறையத் தண்ணீர் இருந்தது. எழுந்து இடது கையால் அதைத் தூக்கினாள். கேப்டனைக் காதோடு சேர்த்து அடித்தாள்.

கேப்டன் கட்டில்மேல் சாய்ந்தான். காதிலிருந்து ரத்தம் வழிந்தது. ஆனாலும் எழுந்துவிட்டான். கெஜட்டின் வயிற்றில் உதைத்தான். இன்னொரு முறை உதைக்கக் காலைத் தூக்கியபோதுதான் எனக்கு உயிர் வந்தது. அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு கீழே சாய்ந்தேன். கம்பவுண்டர் அவன் கால்மேல் உட்கார்ந்தான். கேப்டன் என் கன்னத்தைக் கடித்தான், நான் அவன் முகத்தில் குத்தினேன். நிறையக் குத்தினேன். வாழ்க்கையில் யாரையும் அடித்ததில்லை, எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. “போதும்டா பெருசு, செத்துடுவான்” என்று கம்பவுண்டர் என் கையைப் பிடித்தான். கம்பவுண்டர் நெஞ்சில் பேஸ்மேக்கர். எனக்கு மூச்சு வாங்கியது. மூன்று கிழவர்கள் ஒரு தரை விரிப்பில் உருண்டு கிடந்தோம்.

மேலே கூட்டம் கூடிவிட்டது. வகுப்பிலேயே பெரிய பதவிக்குப் போன ஒருவர் இருந்தார், கல்லூரி முதல்வராக ஓய்வு பெற்றவர். அவர்தான் முதலில் பேசினார். “கதவைச் சாத்துங்க. ஹோட்டல்காரங்களுக்குத் தெரிய வேண்டாம். போலீஸ் கீலீஸ்னு போனா நம்ம வகுப்புப் பேரு நாறிடும்.”

கெஜட் வாயிலிருந்து ரத்தத்தைத் துப்பினாள். “வண்டி கூப்பிடு” என்றாள் என்னிடம். “எங்க ரெண்டு பேரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ.”

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் பெண், எங்கள் பிள்ளைகளைவிடச் சின்னவள். சிட்டுவின் நெற்றியைப் பார்த்துவிட்டு, “எப்படி ஆச்சும்மா?” என்றாள்.

“படியில விழுந்துட்டேன்.”

“இல்ல டாக்டர்” என்றாள் கெஜட் பக்கத்துக் கட்டிலிலிருந்து.

சிட்டு அவளை முறைத்தாள். “உனக்கு ஏண்டி இந்த வேலை? நீ பாட்டுக்குச் சொல்லிட்டுப் போயிடுவ. அப்புறம் அந்த வீட்டுக்குப் போகப்போறது யாரு?”

“நீ போக வேண்டாம். என் வீட்டுக்கு வா.”

“எத்தனை நாளைக்கு?”

“நாம ரெண்டு பேரும் சாகறவரைக்கும்.”

டாக்டர் எங்களை வெளியே அனுப்பித் திரையை இழுத்தாள். அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது அவள் கையில் எழுதிய தாள் நாலு பக்கம் இருந்தது. எக்ஸ்ரேயை விளக்கில் மாட்டிக் காட்டினாள். கெஜட்டுக்கு மணிக்கட்டு மட்டும். சிட்டுவுக்குப் புது முறிவு எதுவும் இல்லை, எல்லாம் பழசு. விலா எலும்பில் மூன்று, தோள்பட்டை எலும்பில் ஒன்று, விரல்களில் இரண்டு, தானாகவே கோணலாக ஒட்டியவை. கெஜட் அந்தப் படத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். “இது நாம இருபத்தஞ்சாவது வருஷம் கூடினப்போ, அவ வராம இருந்தாளே, அப்போ இருக்கும். அவளுக்கு அம்மைன்னு எழுதினேன்” என்றாள். அப்போதுதான் அவள் அழுது நான் பார்த்தேன்.

அன்று மாலையே போலீசில் புகார் எழுதிக் கொடுத்தோம். சிட்டு அதில் கையெழுத்துப் போட்டாள். அன்றிரவே கேப்டனைக் கைது செய்தார்கள். மறுநாள் கெஜட்டின் இரண்டறை வீட்டுக்கு ஒரு பையோடு வந்து சேர்ந்தாள்.

கடிதம் எழுதும் நாள் வந்தது. கெஜட்டின் வலது கை மாவுக்கட்டில். இடது கையின் ஒற்றை விரலால் கைப்பேசியில் குத்திக் குத்தி எழுதினாள். முதலில் சிட்டுவிடம் கேட்டாள், “எழுதட்டுமா?”

“எழுது. ஆனா ‘பாவம்’னு மட்டும் எழுதாத.”

நான் பக்கத்தில் இருந்தேன். யார் வீட்டில் பேரன் பிறந்தான், யாருக்குக் கண்புரை எடுத்தார்கள் என்பதெல்லாம் முதலில் வழக்கம்போல வந்தது. பிறகு இப்படி எழுதினாள்: ‘கேப்டன் சிட்டுவை நாற்பத்து நாலு வருடமாக அடித்திருக்கிறான். எனக்கு இருபத்தைந்து வருடமாகத் தெரியும். நலம் என்று எழுதினேன். அது பொய். சிட்டு இப்போது என்னோடு இருக்கிறாள். நெற்றியில் ஒன்பது தையல் பிரித்தாகிவிட்டது.’

அனுப்பிய ஒரு மணி நேரத்தில் ஏழு பேர் குழுவிலிருந்து வெளியேறினார்கள். முதல்வர் நீளமாக எழுதினார். கெஜட் கிழட்டு வயதில் ஒரு குடும்பத்தைப் பிரித்துவிட்டாளாம். “நான் பிரிக்கல. எக்ஸ்ரேயைப் பாருங்க, ஏற்கெனவே துண்டு துண்டாத்தான் இருந்துச்சு” என்று பதில் போட்டாள். ஆனால் அடுத்த நாள் எங்கள் வகுப்புப் பெண் ஒருத்தி, கடிதத்துக்கு ஒரு வரிகூடப் பதில் எழுதாதவள், போன் செய்து பேசாமலே பத்து நிமிடம் இருந்தாள். கெஜட்டும் வைக்காமல் காதில் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

மூன்றாம் நாள் சிட்டுவின் மகன் வந்தான். நாற்பது தாண்டியவன், வங்கி அதிகாரி. உள்ளே நுழையும்போதே கெஜட்டைப் பார்த்துக் கத்தினான். “அத்தை, உங்களுக்கு வெக்கமா இல்ல? அப்பாவை ஊரே காறித் துப்புது. நான் ஆபீஸ்ல எப்படித் தலை காட்டறது?” மேசையிலிருந்த டம்ளரைச் சுவரில் எறிந்தான்.

சிட்டு அசையவில்லை. “எறிஞ்சுட்டியா? அடுத்து நீ எங்க அடிப்பேன்னு எனக்குத் தெரியும். உங்கப்பா இதுக்கப்புறம் முதுகுல அடிப்பார்” என்றாள்.

அவன் கை அந்தரத்தில் நின்றது. பிறகு நாற்காலியில் விழுந்தான். “சின்ன வயசுல நீங்க ரெண்டு பேரும் ரூமுக்குள்ள போனா, நான் பாத்ரூம்ல போய்க் குழாயைத் திறந்து விட்டுடுவேன்மா. சத்தம் கேக்காம இருக்க” என்றான். உடைந்த கண்ணாடியை அவனே கூட்டி அள்ளினான். அப்பாவோடு பேச்சை நிறுத்தினானா என்றால் இல்லை. ஆனால் அம்மாவைத் திரும்பி வா என்று அவன் பிறகு கூப்பிடவில்லை.

ஜாமீனில் வந்த கேப்டன் சிட்டு இருக்கும் பக்கமே போகக்கூடாது என்று உத்தரவு. கடிதம் போன பதினோராம் நாள் காலை பத்து மணிக்கு, கார் சக்கரம் கழற்றும் இரும்புக் கம்பியோடு கெஜட் வீட்டு வாசலில் வந்து நின்றான். நான் அப்போது காய்கறிப் பையோடு தெருமுனையில் வந்துகொண்டிருந்தேன். முதலில் ஜன்னல் கண்ணாடி போனது. பிறகு கதவு. “வெளிய வாடி!” என்று ஒவ்வொரு அடிக்கும் ஒரு கத்தல். மரக்கதவின் மேல்பலகை பிளந்து, அவன் கை உள்ளே போய்த் தாழ்ப்பாளைத் தேடியது.

உள்ளே என்ன நடந்தது என்று பிறகு சொன்னார்கள். கெஜட் ஒரே கையால் அலமாரியைக் கதவுக்கு நகர்த்தப் பார்த்தாள். சிட்டு அவளைப் பின்னுக்குத் தள்ளினாள். பிளவுக்குள் நுழைந்த அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்து, உடைந்த பலகையின் கூர்மேல் வைத்து, தன் உடம்பு முழுவதையும் போட்டு அழுத்தினாள். வெளியே அவன் அலறிய அலறலை நான் கேட்டேன். அவளும் கத்தினாள். வார்த்தை எதுவும் இல்லை, வெறும் கத்தல். தெருவில் எல்லாக் கதவும் திறந்தன.

எதிர்வீட்டு வேன் டிரைவர் ஓடிவந்தார். கேப்டன் மற்ற கையால் கம்பியை வீசி அவர் தோளை உடைத்தான். டிரைவரின் மனைவி ஈரத்துணி வாளியோடு வந்து, வாளியாலேயே அவன் பிடரியில் போட்டாள். இந்த முறை நான் நிற்கவில்லை. கம்பியின் மேலேயே விழுந்தேன். போலீஸ் வரும்வரை அவன் கை கதவுக்குள்ளேயே இருந்தது. சிட்டு விடவில்லை. “விடுங்கம்மா, நாங்க வந்தாச்சு” என்று காவலர் மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது.

வழக்கு இரண்டு வருடம் நடந்தது. கேப்டனுக்கு மூன்று வருடம் தண்டனை. அவன் வக்கீல் அவன் வயதைச் சொன்னார்; நீதிபதி டாக்டர் எழுதிய நாலு பக்கத்தையும் சத்தமாக வாசிக்கச் சொன்னார். முறிந்த இடங்களை ஒவ்வொன்றாக வாசிக்கும்போது கேப்டன் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். கையில் நரம்பு அறுந்ததால் இரண்டு விரல் மடங்காது. சிறையிலேயே பதினாலாவது மாதம் பக்கவாதத்தில் இறந்துவிட்டான். மகன்தான் காரியம் செய்தான். சிட்டு போகவில்லை. கெஜட் கடிதத்தில் அவன் இறந்த தேதியை மட்டும் எழுதினாள். அதற்காகவும் இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள்.

போன மாதம் ஐம்பதாவது வருடச் சந்திப்பு. கெஜட் வீட்டு மொட்டை மாடியில் பதினொரு பேர் கூடினோம். கம்பவுண்டர் இல்லை, போன வருடம் தூக்கத்திலேயே போய்விட்டான். போனில் பேசாமல் இருந்த அந்தப் பெண் வந்திருந்தாள், தனியாக, கையில் பெட்டியோடு. முதல்வர்கூட வந்தார். சிட்டுவிடம் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். “உக்காருங்க, டீ ஆறுது” என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த ஆளுக்குக் கொடுக்கப் போய்விட்டாள்.

வெயில் ஏறியதும் கீழே அறைக்கு வந்தோம். கெஜட் சுவரோரம் போய், “சிட்டு, கையைத் தூக்கறேன், ஃபேன் போடப்போறேன்” என்று சத்தமாகச் சொன்னாள். சிட்டு “ம்” என்றாள். அதன் பிறகுதான் கோணலாக ஒட்டிய அந்த வலது கையைத் தூக்கி சுவிட்சைப் போட்டாள். முன்னால் சொல்லாமல் பக்கத்தில் யார் கை உயர்ந்தாலும் சிட்டு இன்னமும் தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொள்வாள். ஐந்து வருடமாக அந்த வீட்டில் ஒரு நாளைக்கு இருபது தடவை இப்படிச் சொல்லிவிட்டுத்தான் கெஜட் கையைத் தூக்குகிறாள்.